35 வர வேண்டிய இடத்தில் 44: ஒரு ஹைட்ரஜன் அளவீட்டின் கதை

பின்னணி

தருமபுரி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு. வாயு நிலைமை பாடம் முடிந்து, பாயில் விதி, சார்லஸ் விதி, டால்டனின் பகுதி அழுத்த விதி எல்லாவற்றிலும் பயிற்சிக் கணக்குகள் போட்டாகிவிட்டது. பிள்ளைகள் பெரிதாகத் தடுமாறவில்லை. ஆனாலும் பாடம் எடுத்த ஆசிரியைக்கு ஓர் உறுத்தல் இருந்தது. வாயு என்று எந்தக் கணக்கு வந்தாலும், வெப்பநிலை என்ன அழுத்தம் என்ன என்று பார்க்காமலே கை நேராக 22.4 லிட்டருக்குப் போகிறது. பத்தாம் வகுப்பிலேயே மனதில் பதிந்துவிட்ட எண் அது. 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் என்கிற முன்பாதி எங்கேயோ உதிர்ந்துபோய், ஒரு மோல் வாயு என்றால் 22.4 லிட்டர் என்பது மட்டும் தங்கிவிட்டது.

நான் ஓசூரில் வேதியியல் எடுக்கிறேன், சொந்த ஊர் தருமபுரி. அந்த ஆசிரியை கேட்டுக்கொண்டதால் ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு உதவியாகப் போயிருந்தேன். அன்று நடந்ததையும் அதன் பிறகு நடந்ததையும் அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். செய்முறையில் "விடை வரல மிஸ்" என்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று யோசிக்கிற ஆசிரியர்களுக்கு இது உதவும்.

செய்முறை ஏற்பாடு

செய்ய வேண்டியது இதுதான்: எடை தெரிந்த மெக்னீசியம் நாடாத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் ஹைட்ரஜனைத் தண்ணீருக்கு மேல் பிடித்து, எத்தனை மி.லி. என்று பார்ப்பது. ஒரு மோல் மெக்னீசியம் கரைந்தால் ஒரு மோல் ஹைட்ரஜன் வரும், கணக்கு அவ்வளவு எளிது.

நாலு சென்டிமீட்டர் நாடாவை எடை போடும் அளவுக்கு அங்கே தராசு இல்லை. அதனால் ஆசிரியை முந்தின நாளே ஒரு மீட்டர் நாடாவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மேலிருந்த ஆக்சைடு படலத்தை நீக்கி, கடைவீதியில் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோய் அவர்களுடைய எலக்ட்ரானிக் தராசில் எடை போட்டு வந்திருந்தார். 0.96 கிராம். அப்படியானால் 4 சென்டிமீட்டர் துண்டு 0.0384 கிராம். மெக்னீசியத்தின் மோலார் நிறை 24.3, ஆகவே 0.00158 மோல்.

100 மி.லி. அளவுச் சாடியில் முதலில் 10 மி.லி. அமிலம், அதன்மேல் சாடியின் சுவரை ஒட்டி மெதுவாக வழியவிட்ட தண்ணீர், விளிம்பு வரை. நாடாத் துண்டை மெல்லிய செம்புக் கம்பிக்குள் சுருட்டி வாயருகே தொங்கவிட வேண்டும். செம்பு நீர்த்த அமிலத்தோடு வினைபுரியாது, கூண்டாக மட்டும் இருக்கும். பிறகு துளையிட்ட தக்கையால் மூடி, சாடியை ஒரு தண்ணீர்த் தட்டில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் பார்க்க அழகாக இருக்கும். அமிலம் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது என்பதால், மேலிருந்து கானல் மாதிரி நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். அது நாடாவைத் தொடுகிற நொடியில் முதல் குமிழிச் சரம் கிளம்பும், அப்புறம் பொரிந்து தள்ளும், இரண்டு மூன்று நிமிடத்தில் நாடா காணாமல் போய்விடும், கம்பிக் கூண்டு மட்டும் மிச்சமிருக்கும்.

தொடங்கும் முன்பே எதிர்பார்க்கும் பருமனைக் கணக்கிட்டு எழுதச் சொல்லியிருந்தார். எல்லாக் குழுவும் ஒரே விடை எழுதியது: 0.00158 × 22,400, அதாவது 35.4 மி.லி. ஒருவர்கூட அறையின் வெப்பநிலையைக் கேட்கவில்லை. ஆசிரியையும் அந்த நேரத்தில் எதுவும் சொல்லவில்லை.

கண்டது

அளவுகள் வந்தன. 44, 44.5, 45, 44. எல்லாம் 35.4ஐவிடக் கால்வாசி அதிகம். இரண்டு குழுக்கள் மறுபடி செய்து பார்த்தும் அதே இடத்தில்தான் நின்றது.

ஒரு குழுவின் நோட்டில் மட்டும் 35.5 என்று இருந்தது. அழிரப்பரால் தேய்த்ததில் தாள் மெலிந்து, எண்ணுக்கு அடியில் பழைய 4இன் தடம் பள்ளமாகத் தெரிந்தது. மேசையில் அவர்களுடைய சாடி இன்னும் கவிழ்ந்தபடியே இருந்தது, அதில் தண்ணீர் மட்டம் 44க்குப் பக்கத்தில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. செய்முறைத் தேர்வில் "சரியான" மதிப்புக்குப் பக்கத்தில் வந்தால் முழு மதிப்பெண், விலகினால் குறைவு என்றுதான் அவர்கள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது, அங்கே விலகல் என்றால் பெரும்பாலும் கைத்தவறுதான். ஆனால் அதே பழக்கம் இங்கே வந்தால், அன்றைக்கு ஆய்வகத்தில் கிடைத்த மிக நல்ல தகவலை அழிரப்பர் தின்றுவிடும்.

முதல் முடிவு: அழிக்காதே

ஆசிரியை யார் அழித்தது என்று கேட்கவில்லை. எல்லாக் குழுக்களையும் கரும்பலகையில் அளவை எழுதச் சொன்னார், கூடவே ஒரு விதி வைத்தார்: "மாத்தணும்னா ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதுங்க, எதையும் அழிக்காதீங்க." அந்தக் குழு சற்றுத் தயங்கி நின்று, பிறகு சாடியை மறுபடி பார்த்துவிட்டு 44 என்று எழுதியது. அவர் தலையசைத்ததோடு சரி.

அங்கேயே விடையைச் சொல்லி, சூத்திரத்தைப் போட்டு, "பாத்தீங்களா, சரியா வந்துடுச்சு" என்று முடித்திருக்கலாம். நேரமும் மிச்சம். அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளைகளே சந்தேகங்களைச் சொல்லட்டும், ஆனால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அது பருமனைக் கூட்டுமா குறைக்குமா என்று முதலில் சொல்லியாக வேண்டும் என்றார். நான் அன்று பார்த்ததில் மிகவும் பயன்பட்ட முடிவு இதுதான்.

சந்தேகங்களை வடிகட்டியது

முதலில் வந்தது வழக்கமான சந்தேகம், லீக். சொன்ன பையனுக்குப் பின்வரிசையிலிருந்தே பதில் வந்தது: "டேய், லீக் ஆனா கம்மியால்லடா வரும்?" அத்தோடு அது போயிற்று. நாடாவில் ஆக்சைடு மிச்சமிருந்தால்? ஆக்சைடு அமிலத்தில் கரையும், ஹைட்ரஜன் தராது, ஆகவே அதுவும் குறைக்கத்தான் செய்யும். அமிலத்தைக் கூடுதலாக ஊற்றிவிட்டோமோ என்று ஒரு குழுவுக்குக் கவலை. அமிலம் ஏற்கெனவே தேவையைவிடப் பல மடங்கு இருக்கிறது, வினைக் கட்டுப்பாட்டுக் காரணி மெக்னீசியம்தான், அது தீர்ந்தால் வினை முடிந்தது. நம்பாதவர்களுக்காக 15 மி.லி. ஊற்றிச் செய்து காட்டினோம், அதே 44. அமிலத்தின் புகை வாயுவோடு கலந்திருக்குமோ? ஹைட்ரஜன் குளோரைடு தண்ணீரில் தாராளமாகக் கரைந்துவிடும், மேலே போய் இடம் பிடிக்காது.

கவிழ்க்கும்போது காற்றுக் குமிழி மாட்டியிருக்கலாம் என்பது நியாயமான சந்தேகம், கூட்டக்கூடியதும்கூட. ஆனால் 9 மி.லி. என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிற குமிழி அல்ல, எல்லாக் குழுவிலும் ஒரே அளவில் மாட்டவும் வாய்ப்பில்லை.

அடுத்து ஒரு மாணவி தண்ணீர் மட்டத்தைக் கவனித்தாள். சாடிக்குள் தண்ணீர், தட்டில் இருப்பதைவிட ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் நின்றது. அப்படியென்றால் உள்ளே வாயுவின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு, அதனால் பருமன் கொஞ்சம் ஊதிக் காட்டும். சாடிகளைத் தட்டோடு ஆழமான பக்கெட்டுக்குள் இறக்கி, தட்டை உருவிவிட்டு, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும் வரை அழுத்திப் பிடித்துப் பார்த்தோம். 44.5உம் 45உம் காட்டியவை அரை மி.லி. அளவுக்கு இறங்கின. இப்போது எல்லாம் 44ஐ ஒட்டி வந்துவிட்டன. சிதறல் போனது, வித்தியாசம் மட்டும் அப்படியே நின்றது.

வெப்பநிலை, அப்புறம் நீராவி

வெப்பநிலை கூடினால் வாயுவின் பருமனும் கூடும் என்கிற சார்லஸ் விதி ஞாபகம் வர இதற்குப் பிறகு நேரமாகவில்லை. சுவர் வெப்பமானி 34 காட்டியது. ஆனால் வாயு நிற்பது தண்ணீருக்கு மேல், ஆகவே தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம் என்று ஆசிரியை சொன்னார். மாடித் தொட்டித் தண்ணீர் அது, 32 டிகிரி. கெல்வினில் 305. 35.4ஐ 305ஆல் பெருக்கி 273ஆல் வகுத்தால் 39.5. பாதி தூரம் வந்தாயிற்று. வகுப்பில் ஒரு சலசலப்பு.

டால்டன் விதியைச் சொன்னது, சற்று முன் மட்டத்தைக் கவனித்த அதே மாணவி. சாடிக்குள் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமல்ல, நீராவியும் இருக்கிறது. 32 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 4.76 கிலோபாஸ்கல். மொத்த அழுத்தத்தில் அதைக் கழித்தால்தான் ஹைட்ரஜனுடைய பங்கு. சரி, மொத்த அழுத்தம் எவ்வளவு? ஒரு பையன் ஆசிரியையின் கைப்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்து பார்த்துச் சொன்னான்: 1008 ஹெக்டோபாஸ்கல், அதாவது 100.8 கிலோபாஸ்கல். 1 வளிமண்டலம் 101.3 என்பதால் அழுத்தத்தில் வித்தியாசமே இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். கழித்துக் கணக்குப் போட்டதில் 41.7 வந்தது.

இன்னும் இரண்டு மி.லி.க்கு மேல் குறைகிறது. நேரம் மதியச் சாப்பாட்டைத் தாண்டிவிட்டது. "கிட்ட வந்துடுச்சுல்ல மிஸ், போதும்" என்று சிலர் கிளம்பத் தயாரானார்கள். எல்லாக் குழுவும் ஒரே மதிப்பில் நிற்கும்போது இரண்டு மி.லி. என்பது கைத்தவறு ஆகாது, வேறு ஏதோ இருக்கிறது என்று ஆசிரியை பிடிவாதமாக நின்றார். எனக்கு விடை தெரியும், வாய் திறக்க வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

ஏற்காட்டுச் சிப்ஸ் பாக்கெட்

அமைதியாக இருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஏற்காடு போனப்போ சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக உப்பிக்கிச்சு மிஸ். நம்ம ஊரும் சேலத்தவிட உசரந்தானே, தொப்பூர் கணவாய் ஏறித்தானே வரோம்?"

விஷயம் அங்கேதான் இருந்தது. தருமபுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரம். நமக்கு மேலே இருக்கிற காற்றின் அளவு சென்னையில் இருப்பவருக்கு மேலே இருப்பதைவிடக் குறைவு. அப்படியானால் செயலி ஏன் 1008 காட்டியது? வானிலைச் செயலிகள் பொதுவாகக் காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். ஊருக்கு ஊர் ஒப்பிட்டு, எங்கே தாழ்வு எங்கே உயர்வு என்று பார்க்க அதுதான் வசதி. ஒவ்வோர் ஊரின் உயரத்தையும் அப்படியே விட்டால் மலையூர் எல்லாம் எப்போதும் புயல் சின்னம் போலத் தெரியும். வானிலைக்கு அது சரியான எண், நம் சாடிக்கு அல்ல. சாடியைச் சுற்றி அழுத்துவது அந்த அறையில் இருக்கும் காற்று.

இயற்பியல் ஆசிரியரின் கைப்பேசியில் அழுத்த உணரி இருந்தது. அதைக் காட்டும் செயலியில் பார்த்தால் 957 ஹெக்டோபாஸ்கல். அதாவது 95.7 கிலோபாஸ்கல், அதில் நீராவியின் 4.76 போனால் 90.9. பிள்ளைகளே முதலிலிருந்து போட்டார்கள். 35.4 வெப்பநிலையால் 39.5 ஆகிறது, அழுத்தக் குறைவால் 41.9 ஆகிறது, நீராவியைச் சேர்த்தால் 44.1. கரும்பலகையில் காலையிலிருந்து இருந்த 44க்குப் பக்கத்தில் அதை எழுதியபோது, எண்ணை அழித்து எழுதியிருந்த குழுவில் ஒருவன் தானாகவே தன் நோட்டை எடுத்து 35.5ஐ ஒரு கோடு போட்டு அடித்தான்.

ஆசிரியை இந்த இடத்தில்தான் பாஸ்கல் கதையைச் சொன்னார். காற்றுக்கு எடை உண்டென்றால் மலைமேல் அழுத்தமானிக் குழாயின் பாதரசம் தாழ வேண்டும் என்று பாஸ்கல் நினைத்து, 1648இல் தன் அக்காள் கணவர் பெரியேவிடம் கேட்டுக்கொள்ள, அவர் பிரான்ஸின் பியூ த டோம் மலைமேல் குழாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார், பாதரசம் தாழ்ந்தது. பாடப்புத்தகத்தில் பாஸ்கல் என்பது அலகின் பெயராக மட்டும் வருகிறது. ஒரு மி.லி. இரண்டு மி.லி.க்காக மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு கேட்டதால், அன்று அந்தக் கதை பிள்ளைகளிடம் நன்றாகவே போய்ச் சேர்ந்தது.

போவதற்கு முன் ஒரு கணக்கு கொடுத்தார்: இன்றைக்கு, இந்த அறையில், தண்ணீருக்கு மேல் பிடித்தால் ஒரு மோல் ஹைட்ரஜன் எத்தனை லிட்டர்? 27.9 என்று வந்தது. 22.4க்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதி, கூடவே இன்னொன்றையும் சொன்னார்: வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயூபேக் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பார் (100 கிலோபாஸ்கல்) என்று மாற்றியது, அந்தக் கணக்கில் 0 டிகிரியிலேயே 22.7 லிட்டர். மூன்று எண்ணும் சரிதான், எந்த நிலையில் என்று கூடவே சொன்னால்.

ஓசூரில் செய்து பார்த்தது

அதே நாடாவில் மிச்சமிருந்ததை நான் ஓசூருக்கு எடுத்துப் போனேன். ஓசூர் தருமபுரியைவிட இன்னும் 400 மீட்டருக்கு மேல் உயரம், காற்றும் குளிர்ச்சி. என் வகுப்பில் தருமபுரி அளவைச் சொல்லி, இங்கே எவ்வளவு வரும் என்று கேட்டேன். "இது ஜில்லுனு இருக்கிற ஊரு, கம்மியாத்தான் சார் வரும்" என்றார்கள். குளிர்ச்சியை மட்டும் பார்த்தால் சரியான பதில். தண்ணீர் 27 டிகிரி. தருமபுரியின் அழுத்தமே இருந்திருந்தால் 42.8 வந்திருக்க வேண்டும். ஆனால் உணரி காட்டிய அழுத்தம் 913 ஹெக்டோபாஸ்கல். அதையும் 27 டிகிரியின் ஆவி அழுத்தமான 3.57 கிலோபாஸ்கலையும் சேர்த்துப் போட்டால் 44.9. சாடியில் 45ஐ ஒட்டியே நின்றது.

இதில் அளவோடு பேச வேண்டும். ஒரு மி.லி. கோடு போட்ட சாடியில் 44க்கும் 45க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இரண்டு ஊரையும் பிரித்துக் காட்டிவிட்டோம் என்று சொல்ல முடியாது. 42.8க்கு இறங்கவில்லை, அவ்வளவுதான் உறுதி.

பிறகு நடந்தது

ஆசிரியை சில வாரம் கழித்து வைத்த தேர்வில் 27 டிகிரியில் ஒரு வாயுவின் பருமனைக் கேட்டிருந்தார். பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 22.4ஐ எடுக்கவில்லை, முதல் வரியிலேயே வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எழுதிக்கொண்டார்கள். இது அவருக்குப் பெரிய நிம்மதி.

கூடவே வேறொரு சிக்கல் முளைத்தது. உலர்ந்த வாயு என்று கேள்வியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தும் சிலர் நீராவி அழுத்தத்தைக் கழித்திருந்தார்கள். திட்ட வெப்ப அழுத்த நிலை என்று கொடுத்த கேள்வியில்கூட ஒருவர் தருமபுரி அழுத்தத்தைப் போட்டிருந்தார். ஒரு செய்முறை மனதில் ஆழமாகப் பதிந்தால், அதிலிருக்கும் எண்களே புது 22.4 ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது செய்முறை ஒன்றை வேறு நிலையில் உடனே வைத்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்கும் என்பது ஆசிரியையின் கருத்து, எனக்கும் அதுதான்.

மாற்றப்போவது

நாடாவை 8 சென்டிமீட்டராக எடுக்கப் போகிறோம். தருமபுரியில் 88, ஓசூரில் 90 வர வேண்டும், 100 மி.லி. சாடிக்குள் அடங்கும், வித்தியாசமும் இரட்டிப்பாகும். தட்டை விட்டுவிட்டு முதலிலிருந்தே ஆழமான பக்கெட். செய்முறை நோட்டில் பருமனுக்கு முன்னால் தண்ணீரின் வெப்பநிலை, அறையின் அழுத்தம், ஆவி அழுத்தம், வாயு உலர்ந்ததா ஈரமா என்று நாலு கட்டம். அவை நிரம்பாமல் பருமனை எழுதக்கூடாது. சந்தேகம் சொல்பவர் அது கூட்டுமா குறைக்குமா என்று சொல்லியாக வேண்டும் என்பதை அவர் எல்லாச் செய்முறைக்கும் வைத்துக்கொண்டார், நானும் வைத்துக்கொண்டேன். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அன்று எல்லோருக்கும் போதவில்லை, முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். சாடியைக் கவிழ்க்கும்போது அமிலம் கையில் வழியக்கூடியது, ஆகவே அடுத்த தடவை எண்ணிக்கைக்குத் தகுந்தபடி இருந்தால் மட்டுமே தொடங்குவோம். ஹைட்ரஜன் இருக்கும் அறையில் பர்னர் எதுவும் எரியவில்லை என்று அன்று பார்த்துக்கொண்டோம், அது அப்படியே தொடரும்.

இரண்டாவது செய்முறைக்கு முட்டை ஓடு என்று முடிவாகியிருக்கிறது. ஓட்டில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கார்பன் டை ஆக்சைடு தரும். அதே சாடி, அதே பக்கெட், அதே திருத்தங்கள் எல்லாம் போட்டுக் கணக்கிட்டாலும் இந்த வாயு தண்ணீரில் ஓரளவு கரைந்துவிடும் என்பதால் அளவு எதிர்ப்பக்கம் விலக வேண்டும். தருமபுரி வகுப்பு இப்போதே கூடுமா குறையுமா என்று எழுதிக் கொடுத்துவிட்டது, தாள்கள் ஆசிரியையிடம் இருக்கின்றன. இன்னும் செய்து பார்க்கவில்லை.